ஆறு நாளில் எழுந்த மதில்

சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டி, அங்கிருந்து ஒட்டப்பிடாரம் என்று பஸ் மாறிப் போனால் பாஞ்சாலங்குறிச்சி. 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை அங்கே நிற்கிறது. உள்ளே கட்டபொம்மன் சிலை, சுவர்களில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்கள். பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் கேட்டால், 'ராசா கோட்டை' பார்த்தோம் என்பார்கள். போர் எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. தவறு பிள்ளைகளுடையதல்ல, கட்டிடம் அப்படித்தான் பேசுகிறது.

போரில் நின்ற கோட்டை வேறு. 1801 முற்றுகையில் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் அதை அளந்து காட்டுகிறார்: இரு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரு பக்கம் 300 அடி, மதில் உயரம் ஏறக்குறைய 12 அடி. முழுக்க மண். சுற்றிலும் முள்வேலி. 1799 செப்டம்பர் 5இல் பானர்மேன் தாக்கினான். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், ஆறே நாளில் மதில் மறுபடி எழுந்தது என்கிறார்கள். மார்ச் 31இல் அந்த மண்சுவர் கும்பினியைத் திருப்பி அனுப்பியது. விழுந்தது மே 24இல், பெரும்படை வந்து சேர்ந்த பிறகு.

இந்தப் போரின் ஆகப்பெரிய சிற்பம் அந்த ஆறு நாள் மதில்தான். மண் வெட்டினவர், தண்ணீர் சுமந்தவர், குழைத்தவர், மிதித்தவர், முள் வெட்டிப் போட்டவர் என்று எத்தனையோ கை பட்ட சிற்பம். நினைவுக் கோட்டையின் அமைப்பில் இவர்களுக்கு இடமில்லை. பீடம் ஒன்று, உடல் ஒன்று. அந்த உடலின் பிம்பமும் 1959 சினிமாவில் உருவானதுதான். கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனே 1970இல் கயத்தாற்றில் சிலை நிறுவினார். நான்கு வருஷத்தில் கோட்டையும் வந்தது. பிம்பம் முந்திக்கொண்டது, கட்டிடம் அதைப் பின்தொடர்ந்தது.

பீடம் ஒன்றுதான் என்றானால் என்ன நடக்கும் என்பதை எங்க மாவட்டம் 1997இல் பார்த்தது. கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தானும் மடிந்ததாக வாய்மொழி மரபு சொல்லும் சுந்தரலிங்கத்தின் பெயரை, விருதுநகர் மாவட்டத்தில் ஓடவிருந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். தேவேந்திர குலத்தவர் கொண்டாடும் வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் வந்தது, உயிர்கள் போயின. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. பின்னாளில் சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியிலும் வெள்ளையத்தேவனுக்கு வல்லநாட்டிலும் தனித்தனி மணிமண்டபங்கள் வந்தன. மறுக்கப்பட்ட பெயருக்கு மண்டபம் கேட்பதில் நியாயம் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து நடத்திய ஒரே போர், ஒற்றை நாயகன் என்கிற வடிவத்தில் சிக்கி, சாதிக்கொரு மண்டபமாகச் சிதறிவிட்டது. ஒரே மதிலுக்கு மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வேறு தேதியில், வேறு வேறு போலீஸ் காவலோடு மாலை போடப் போகிறார்கள்.

சிவகாசிப் பக்கம் வெடிமருந்தை வெறும் 'மருந்து' என்றுதான் சொல்வோம். 2012இல், அதே செப்டம்பர் 5இல், முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் மருந்து வெடித்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். தேதி பொருந்தியது தற்செயல்தான். நாயகன் இல்லாத சாவை நினைக்க நம்மிடம் ஒரு வடிவம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. பாஞ்சாலங்குறிச்சியில் நாம் கட்டாமல் விட்டது அந்த வடிவத்தைத்தான். பழைய கோட்டையின் எச்சங்கள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இன்னும் கிடக்கின்றன. அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் சிலைக்கு முன்னால் அந்த மண்ணைக் காட்டட்டும். இதை யார் சுமந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.