கிட் கார்களின் குளிர்காலப் பராமரிப்பு

கிட் கார் என்பது உதிரிப் பாகங்களின் தொகுதியாக விற்கப்பட்டு, வாங்குபவராலேயே பூட்டி முடிக்கப்படும் தானுந்து ஆகும். பிரித்தானியாவில் இவ்வகை இலகுரகத் தானுந்துகளைப் பலர் கோடையில் மட்டுமே ஓட்டுகின்றனர். ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை இவை கொட்டகையில் நிறுத்தப்படுகின்றன. அக்காலத்தில் எஞ்சினையும் கிளட்சையும் காக்கச் செய்யப்படும் பணிகள் குளிர்காலப் பராமரிப்பு எனப்படும். ஓடாத வண்டி பழுதடையாது என்பது பொதுவான எண்ணம். ஆனால் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியை ஈரம் மெல்ல அரிக்கிறது.

பின்னணி

இவ்வகையில் நன்கு அறியப்பட்டது லோட்டஸ் செவன். கொலின் சாப்மன் வடிவமைத்த இத்தானுந்து 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்தில் முழுமையாகப் பூட்டிய தானுந்துகளுக்குப் பிரித்தானியாவில் கொள்வனவு வரி விதிக்கப்பட்டது; பாகங்களாக விற்கப்பட்டவற்றுக்கு அவ்வரி இல்லை. எனவே பலர் இதனை வீட்டிலேயே பூட்டிக்கொண்டனர். 1973 இல் கொள்வனவு வரிக்குப் பதிலாக மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டரம் கார்ஸ் நிறுவனத்திடம் சென்றது.

செவனின் சட்டகம் எஃகுக் குழாய்களாலும் மேற்தகடுகள் அலுமினியத்தாலும் ஆனவை. பனி உறைவதைத் தடுக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பு இவை இரண்டையும் அரிக்கும். குளிர்காலத்தில் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

எஞ்சின்

பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயில் அமிலங்களும் நீரும் கலந்திருக்கும். அவை பேரிங்குகளை அரிக்கக்கூடும் என்பதால், வண்டியை நிறுத்துவதற்கு முன்பே எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்படுகின்றன. எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் கசடு எளிதில் வெளியேறும்.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9% விரிவடைகிறது. ரேடியேட்டரில் வெறும் நீர் இருந்தால் எஞ்சினின் வார்ப்பு உடலே வெடித்துவிடலாம். எனவே எத்திலீன் கிளைக்கோல் போன்ற உறைவுத் தடுப்புத் திரவம் சரியான அளவில் கலக்கப்பட வேண்டும்.

பெரிய பிரித்தானியாவில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10% வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய கார்புரேட்டர்களில் உள்ள இரப்பர் பாகங்களையும் அது பாதிக்கலாம்.

வாரம் ஒருமுறை எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிடும் பழக்கம் நன்மையைவிடத் தீமையே செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் முழுமையாகச் சூடானால் இந்நீர் ஆவியாக வெளியேறும். சூடாகும் முன்பே நிறுத்தினால் அது புகைக்குழாயிலும் எண்ணெயிலும் தங்கிவிடும். ஆகவே எண்ணெய் நன்கு சூடாகும்வரை ஓட்ட வேண்டும், அல்லது இயக்காமலேயே விட்டுவிட வேண்டும்.

கிளட்ச்

நீண்ட நாள் நிற்கும் வண்டியில் கிளட்ச்சின் உராய்வுத் தட்டு, துருவினால் ஃபிளைவீலுடன் ஒட்டிக்கொள்ளலாம். மிதியை முழுதும் அழுத்தியபின்னும் கியர் விழாமல் உராயும் ஓசை எழுவது இதன் அறிகுறியாகும். இதைத் தவிர்க்கச் சிலர் மிதியை அழுத்திய நிலையில் மரத்துண்டால் முட்டுக்கொடுத்து வைக்கின்றனர். ஒட்டிய தட்டு எஞ்சினின் சூட்டில் சில வேளைகளில் தானே விடுபடும். கியரில் வைத்து ஸ்டார்ட்டரால் இழுத்து விடுவிப்பது ஆபத்தானது. வண்டி திடீரெனப் பாயலாம்.

செவனில் கியர்பாக்ஸ் குறுகிய சுரங்கப் பகுதிக்குள் அமைந்துள்ளது. ஆதலால் உராய்வுத் தட்டை மாற்றப் பொதுவாக எஞ்சினையே தூக்கி எடுக்க வேண்டியுள்ளது. இப்பெரும் பணிக்குக் குளிர்காலமே ஏற்ற காலம். இது தேவையா என்பதை இலையுதிர்காலத்தின் கடைசி ஓட்டத்திலேயே அறியலாம்: உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது எனலாம். எஞ்சினை இறக்கிய வேளையில் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றுவது வழக்கம். அழுத்தத் தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

பிரித்தானியாவில் 1999 இல் வெள்ளைக் கல்நாரும் தடைசெய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட உராய்வுத் தட்டுகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் ஏற்படக்கூடும். எனவே அங்குள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மீண்டும் இயக்குதல்

வசந்தகாலத்தில் முதலில் எரிபொருளையும் மின்பொறியையும் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகள் கழற்றப்படுகின்றன. பின்னர் எண்ணெய் அழுத்தமானி உயரும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சின் சுழற்றப்படும். இதனால் எரிதல் தொடங்கும் முன்பே பேரிங்குகளுக்கு எண்ணெய் சென்றடைகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், எஞ்சினை இயக்குமுன் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிவிட வேண்டும்.