கழுத்தில் தொங்கிய எண்

பள்ளிப் பாடம் முழுவதையும் பிரெஞ்சில் படித்தவன் நான். எழுபதைத் தாண்டிய பிறகும் பிரெஞ்சு எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் விடுவதில்லை. அப்படித்தான் கனடாவின் கெபெக் மாகாணத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அதன் வடகோடியில் உள்ள நுனாவிக் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருப்பவர்கள் இனுயிட் மக்கள். நம் காலத்துப் பாடப் புத்தகத்தில் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லை. மொத்தம் 14 கிராமங்கள், சுமார் 14 ஆயிரம் பேர். கிராமத்துக்குக் கிராமம் ரோடு கிடையாது. தெற்கே போகவும் ரோடு கிடையாது. கோடையில் கப்பல் வரும். மற்ற நாட்களில் விமானம்தான்.

இப்படிப்பட்ட இடத்துக்கு வைத்தியமும் அரசாங்க உதவியும் எப்படிப் போய்ச் சேர்ந்தன? முப்பது வருடத்துக்கு மேல் ரிஜிஸ்தர் எழுதிய குமாஸ்தா என்பதால், அந்தக் கதையில் டாக்டர்களை விடக் காகிதங்களே என் கண்ணில் அதிகம் பட்டன.

முதல் காகிதம் செலவு யாருடையது என்பது பற்றி. 1912-ல் அந்த வடக்கு நிலம் கெபெக் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. பஞ்ச காலத்தில் அந்த மக்களுக்குக் கொடுத்த நிவாரணத்துக்கு மத்திய அரசு மாகாணத்தைக் கை காட்டியது, மாகாணம் மத்திய அரசைக் கை காட்டியது. நமக்குப் பழக்கமான கதைதான். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், இனுயிட் மக்கள் மத்திய அரசின் பொறுப்பு என்று 1939-ல் முடிவானது. வாதாடிய இரண்டு பக்கமும் அரசாங்கம்தான். யாரைப் பற்றிய வழக்கோ அவர்கள் அதில் ஒரு கட்சிக்காரர்கூட இல்லை.

இரண்டாவது, பெயர். அவர்களிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இருக்கவில்லை. இறந்துபோன உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பேதமும் கிடையாது. இதை ரிஜிஸ்தரில் எப்படி ஏற்றுவது என்று தெரியாத அரசாங்கம் 1941 முதல் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளத் துளை போட்ட சிறிய வட்டத் தகடு. கிழக்கே இருப்பவர்களுக்கு 'ஈ', மேற்கே இருப்பவர்களுக்கு 'டபிள்யூ' என்று தொடங்கும் எண். 1945-ல் குழந்தைகளுக்கான குடும்பப் படி வந்தபோது இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கு எழுதினார்கள். அந்தப் படியும் ரொக்கமாக அல்ல, வியாபாரக் கடை வழியாகப் பொருளாகவே போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆனவர்கள் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது பெயராவது. இவர்களுக்கு வெறும் எண்.

மூன்றாவதுதான் மனதை உறுத்துவது. அப்போது காசநோய் அந்த மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 1950 முதல் சி.டி. ஹவ் என்ற அரசாங்கக் கப்பல், எக்ஸ்ரே கருவியும் டாக்டர்களுமாகக் கோடைதோறும் கிழக்குக் கரையோரக் குடியிருப்புகளுக்குப் போனது. எல்லோரையும் கப்பலில் ஏற்றி மார்பைப் படம் எடுப்பார்கள். நோய் இருப்பது தெரிந்தால் அப்படியே கப்பலில் நிறுத்திக்கொள்வார்கள். கரைக்குப் போய்த் துணிமணி எடுக்க, பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூடப் பலரை விடவில்லை. ஹாமில்டன், கெபெக் நகரம் போன்ற தெற்கத்திய ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இரண்டு மூன்று வருடம் கிடந்தவர்கள் பலர். 1956 வாக்கில் இனுயிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கே ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அந்த வைத்தியத்தால் பிழைத்தவர்கள் ஏராளம். அதை மறுக்க முடியாது. ஆனால் இறந்தவர்களைத் தெற்கிலேயே புதைத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்பது பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. ஆளுக்கு ஓர் எண் கொடுத்த அரசாங்கத்துக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத முடியவில்லை. 2019 மார்ச் 8 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்கலுயிட் நகரத்துக்குப் போய் இதற்காக மன்னிப்புக் கேட்டார். பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கல்லறைகளைத் தேட 'நானிலாவுட்' என்ற திட்டமும் அப்போது தொடங்கியது. 'அவர்களைக் கண்டுபிடிப்போம்' என்று அதற்குப் பொருள். ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைக்கும் ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்பதை இதைவிட யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி ஒரு நல்ல செய்தி. நோயாளிகளைப் போலவே கர்ப்பிணிகளையும் வெகுகாலம் தெற்கே அனுப்பி வந்தார்கள். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கணவன், தாய் யாரும் கூட இல்லாமல் பிள்ளை பெற வேண்டும். 1975-ல் கையெழுத்தான ஜேம்ஸ் பே ஒப்பந்தத்துக்குப் பிறகு மருத்துவ, சமூக நலப் பொறுப்பு படிப்படியாக நுனாவிக் மக்களின் சொந்த அமைப்புகளுக்கு வந்தது. 1986-ல் பூவிர்னித்துக் கிராமத்தில் பிரசவ இல்லம் திறந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்தார்கள். அறுவை சிகிச்சை வசதி இல்லாத ஊரில் இது ஆபத்து என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சிக்கலானவர்களை முன்கூட்டியே பார்த்துத் தெற்கே அனுப்புகிறார்கள். மற்றவர்கள் தங்கள் மக்கள் நடுவே, தங்கள் மொழியில் பேசும் மருத்துவச்சியின் கையில் பெற்றெடுக்கிறார்கள். பின்னர் இனுக்ஜுவாக், சல்லுயிட் கிராமங்களிலும் இதே ஏற்பாடு வந்தது.

காசநோய் அங்கே இன்னும் ஒழியவில்லை. 2030-க்குள் ஒழிப்பதாக 2018-ல் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு நெருக்கடி தீராமல் அது நடக்குமா என்பது சந்தேகமே. ஆனாலும் கப்பலுக்கும் பிரசவ இல்லத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டும் வைத்தியம்தான், இரண்டுக்கும் அரசாங்கப் பணம்தான். ஒன்றில் ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றதில் வேலையை ஊராரிடம் ஒப்படைத்தார்கள். முன்பு எண்ணாகப் பதியப்பட்டவர்களின் பேத்திகள் இன்று பிறப்பு விவரத்தைத் தங்கள் கையாலேயே எழுதுகிறார்கள், பெயரோடு.