கடலில் போர், கணக்கில் பிரீமியம்: புவிசார் அரசியல் இடரை அளந்த வரலாறு

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அன்று சென்னையைப் பிடித்த பீதி இன்றும் பேசப்படுகிறது. வணிகத்துக்கு நேர்ந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. செப்டம்பர் 10 முதலே கேப்டன் கார்ல் வான் முல்லரின் அந்தக் கப்பல் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. அடுத்து அது எங்கே தோன்றும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனாலேயே பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை வீழ்த்தும் வரை இந்த நிலை நீடித்தது.

தொலைதூரச் சண்டை ஒன்று சந்தை விலையை எவ்வளவு பாதிக்கும் என்று கணிக்கும் தொழில் அப்போதே இருநூறு ஆண்டுப் பழையது. எட்வர்ட் லாய்டு லண்டனில் நடத்திய காபிக் கடையைப் பற்றிய முதல் குறிப்பு 1688ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாலுமிகளும் வணிகர்களும் அங்கே செய்தி பரிமாறினார்கள்; பணம் உள்ளவர்கள் கப்பல்களுக்குக் காப்பீடு எழுதினார்கள். 1734இல் ‘லாய்ட்ஸ் லிஸ்ட்’ இதழ் வந்தது. 1811 முதல் உலகத் துறைமுகங்களில் லாய்ட்ஸ் முகவர்கள் அமர்த்தப்பட்டார்கள். எந்தக் கடலில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற தகவலைத் திரட்டி, அதைப் பிரீமியமாக மாற்றிய முதல் பெரும் கண்காணிப்பு வலை இதுதான்.

இந்த வலைக்கு ஒரு குறை உண்டு. ஆபத்தை அளக்கும் காப்பீட்டாளர், அளந்த கையோடு விலகிக்கொள்ளலாம். 1914 ஆகஸ்டில் பிரிட்டன் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. உணவுக்கே கப்பலை நம்பியிருந்த நாடு அது. போர் தொடங்கியதும், கப்பல்களின் போர் இடரில் 80 சதவீதத்தை மறுகாப்பீடாக அரசே ஏற்றது. சரக்குகளுக்கும் அரசு காப்பீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. வர்த்தகப் பாதைகளைத் திறந்து வைத்ததில் கடற்படைக்கு நிகரான பங்கு இந்த ஏற்பாட்டுக்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த பெரும் பாடத்தை எண்ணெய் தந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து, 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. ஷெல் நிறுவனத்தில் பியர் வாக் என்பவர் தலைமையிலான குழு இப்படி ஒரு நெருக்கடி வரக்கூடும் என்று முன்பே வரைந்து காட்டியிருந்தது. அதன் பிறகு பெருநிறுவனங்கள் அரசியல் கணிப்புக்குத் தனிப் பிரிவு வைக்கும் வழக்கம் வேர்பிடித்தது. ஆனாலும் நிலைத்த பாதுகாப்பைத் தந்தது கணிப்பைவிடக் கையிருப்புதான். 1974 நவம்பரில் உருவான சர்வதேச எரிசக்தி முகமை, பின்னர் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை இருப்பில் வைப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது.

அத்தகைய மெத்தை இல்லாத நாடு என்ன பாடுபடும் என்பதை இந்தியா பின்னாளில் அறிந்தது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை சில வாரங்களிலேயே இரட்டிப்பானது. குவைத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அங்கிருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானங்களில் அழைத்துவர வேண்டியதாயிற்று. ஏற்கெனவே மெலிந்திருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 1991 ஜூலையில் 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கு அடகாகப் போனது. போரில் எந்தப் பக்கமும் நிற்காத ஒரு நாடு கொடுத்த விலை இது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். கொழும்புத் துறைமுகத்தில் அன்று எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை. ஆயினும் லண்டன் காப்பீட்டாளர்கள் அந்நாட்டின் விமான நிலையத்தோடு துறைமுகங்களையும் போர் இடர்ப் பகுதியாகக் கருதிக் கூடுதல் கட்டணம் விதித்தார்கள். அந்தச் சுமை ஏற்றுமதியாளர் தலையிலும் இறக்குமதிப் பொருள் வாங்கியவர் தலையிலும் விழுந்தது. வறட்சி, மின்வெட்டு, உலகச் சந்தையின் மந்தம் ஆகியவையும் சேர, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக அந்த ஆண்டு இலங்கைப் பொருளாதாரம் ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கியது. 1914இல் பிரிட்டிஷ் அரசு தன் வணிகர்களுக்குத் தோள் கொடுத்த அளவுக்குக் கொடுக்கும் வசதி கொழும்பிடம் இல்லை.

இத்தகைய இடரை எண்ணால் அளக்க அமெரிக்க மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் டாரியோ கால்டாராவும் மத்தேயோ யாக்கோவியெல்லோவும் உருவாக்கிய புவிசார் அரசியல் இடர் குறியீடு பற்றிய கட்டுரை 2022இல் வெளியானது. போர், பயங்கரவாதம், படைக்குவிப்பு பற்றிய செய்திகள் நாளிதழ்களில் எத்தனை விழுக்காடு என்று அது எண்ணுகிறது. குறியீடு ஏறும்போது முதலீடும் வேலைவாய்ப்பும் பின்னர் குறைவதை அவர்கள் காட்டினார்கள். மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் 1985 முதலான கணக்கு பத்து நாளிதழ்களை நம்பியது. அவை அனைத்தும் அமெரிக்கா, பிரிட்டன், கனடாவைச் சேர்ந்தவை. தனி நாட்டுக் குறியீடு 44 நாடுகளுக்கு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. வாஷிங்டனுக்கு எது பயமாகத் தெரிகிறதோ அதுவே உலகத்தின் இடர் என்று பதிவாகும் சாய்வு இதில் இருக்கிறது; சிறிய நாடுகள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதும் நாள் வரை இது மாறாது.

செங்கடல் நெருக்கடியிலோ கண்காணிப்புக்குக் குறைவே இருக்கவில்லை. 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைக் கைப்பற்றினார்கள். டிசம்பரில் லண்டன் காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு ஆபத்துப் பகுதியின் எல்லையை விரித்தது. அதுவரை கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த போர் இடர் பிரீமியம் ஜனவரியில் 0.7 முதல் 1 சதவீதம் வரை போனது. 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு பயணத்துக்கே 7 லட்சம் டாலருக்கு மேல். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. செயற்கைக்கோள் தரவுகளை வைத்துச் சர்வதேச நாணய நிதியம் நடத்தும் ‘போர்ட்வாட்ச்’ தளம், 2024இன் முதல் இரு மாதங்களில் சூயஸ் வழிச் சரக்கு முந்தைய ஆண்டைவிடப் பாதியாகக் குறைந்ததை உடனுக்குடன் காட்டியது. எகிப்தின் கால்வாய் வருமானமோ 2023இல் 1,025 கோடி டாலராக இருந்து, 2024இல் சுமார் 400 கோடியாகச் சரிந்தது. ஏற்கெனவே செலாவணித் தட்டுப்பாட்டில் தவித்த அந்நாடு, 2024 மார்ச்சில் அதே நாணய நிதியத்திடம் தன் கடன் திட்டத்தை 300 கோடி டாலரிலிருந்து 800 கோடியாக உயர்த்த ஒப்புதல் பெற்றது.