நிழலின் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி

கல்லூரி முதலாண்டு இயற்பியலில் அலைவுகள், அலைகள், ஒளியியல் என்று ஒரு பாடம் உண்டு. படித்தவர்களுக்கு ஊசலும் சுருள்வில்லும் ஞாபகம் இருக்கும். ஒளியியலுக்கு வந்ததும் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தப்பித்திருப்பார்கள். அங்கே அடிக்கடி வரும் ஒரு பெயர் 'ஃப்ரெஸ்னெல்'. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார். அந்த 'ஸ்' ஒலிக்காது; ஃப்ரெனெல் என்பதே சரி.

ஒகுஸ்தேன் ஃப்ரெனெல் பேராசிரியர் அல்ல. சாலை, பாலம் போடும் அரசாங்க இஞ்சினியர். 1788-இல் நார்மண்டியில் பிறந்தவர். 'கார்மென்' கதை எழுதிய ப்ரோஸ்பேர் மெரிமே இவருக்குத் தாய்வழி உறவு. 1815-இல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பி வந்தபோது, இவர் மன்னர் பக்கம் போய் நின்றார். உத்தியோகம் போயிற்று, போலீஸ் கண்காணிப்பும் வந்தது. கான் நகருக்குப் பக்கத்தில் மாத்தியூ என்ற கிராமத்தில் தாயார் வீட்டில் போய் உட்கார்ந்தார். சஸ்பென்ஷனில் இருப்பவர்கள் பொதுவாக மனு எழுதிக்கொண்டிருப்பார்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரோ நிழலை அளந்தார். ஊர்ப் பூட்டுக்காரர் செய்து கொடுத்த சாமான்கள், லென்சுக்குப் பதில் ஒரு சொட்டுத் தேன், இவைதான் கருவிகள். மெல்லிய கம்பியின் நிழலுக்கு உள்ளேயும் வெளியேயும் வரிவரியாக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழுவதை அளந்து குறித்தார்.

ஒளி நுண்ணிய துகள் என்றார் நியூட்டன். அது அலை என்றார் ஹைகன்ஸ். லண்டனில் தாமஸ் யங் 1800-களின் தொடக்கத்தில் அலைக் கட்சிக்குச் சான்று காட்டியிருந்தார். ஆனால் ஃப்ரெனெலுக்கு ஆங்கிலம் வராது. யங் செய்ததில் ஒரு பகுதியைத் தானே மறுபடி கண்டுபிடித்தார். பாரிசில் அராகோ என்ற வானியல் அறிஞர்தான் அதை அவருக்குச் சொல்லி, கூடவே நின்று ஊக்கமும் கொடுத்தார்.

பாரிஸ் அறிவியல் அகாதெமி, ஒளியின் விளிம்பு விளைவை விளக்குவோருக்குப் பரிசு என்று அறிவித்தது. கட்டுரையில் பெயர் போடக்கூடாது, அடையாள வாசகம் மட்டும். நம் சீல் வைத்த டெண்டர் மாதிரி. வந்தவை இரண்டே. நடுவர் ஐவரில் லப்லாஸ், பியோ, புவாசோன் மூவரும் துகள் கட்சி. மற்ற இருவர் அராகோவும் கே-லுசாக்கும்.

புவாசோன் (பிரெஞ்சில் மீன் என்று அர்த்தம்) பெரிய கணித மேதை. கட்டுரையைத் தள்ளிவிடாமல் அதன் கணக்கை வரிவரியாகத் தொடர்ந்தார். தொடர்ந்தால் ஒரு விசித்திரம் வந்தது: வட்டத் தட்டு ஒன்றின் மேல் ஒளி பட்டால், அதன் நிழலின் நட்டநடுவில் வெளிச்சம் இருக்க வேண்டும்! நடக்காத காரியம், ஆகவே கொள்கை தவறு என்பது அவர் வாதம்.

கணக்கு அப்படிச் சொல்வதற்குக் காரணம் எளிது. தட்டின் விளிம்பில் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் நிழலின் மையம் ஒரே தூரம். சுற்றி வரும் அலைகள் எல்லாம் அங்கே ஒரே தாளத்தில் வந்து சேர்கின்றன. மேடும் மேடும் கூடினால் வெளிச்சம். மையத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால் தாளம் கலைந்துவிடும்.

அராகோ வாதாடவில்லை. 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தட்டு ஒன்றை, கடுகு அளவுதான், கண்ணாடியில் ஒட்டி ஒளியில் வைத்துப் பார்த்தார். நடுவில் புள்ளி பிரகாசமாக இருந்தது. 1819-இல் பரிசு ஃப்ரெனெலுக்கே.

இதில் எனக்குப் பிடித்தது புவாசோனின் நேர்மை. எதிர்க்கட்சிக்காரரின் கணக்கை அவ்வளவு சுத்தமாகப் போட்டிராவிட்டால், அந்தப் புள்ளியைத் தேட யாருக்கும் தோன்றியிருக்காது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே 1723-இல் மரால்டி என்பவர் அதைப் பார்த்திருந்தார். விளக்கம் இல்லாததால் மறந்துபோனது.

பிறகு ஃப்ரெனெல் கலங்கரை விளக்கக் குழுவில் சேர்ந்தார். கனமான ஒரே கண்ணாடிக்குப் பதில் படிப்படியாக வெட்டிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்ட லென்சை அமைத்தார். ஜிரோந்த் முகத்துவாரத்தில் கோர்துவான் விளக்கு அதனுடன் 1823-இல் எரிந்தது. 1827-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 39. லண்டன் ராயல் சொசைட்டியின் பதக்கத்தைச் சில நாள் முன்புதான் அராகோ கொண்டு வந்து கையில் கொடுத்திருந்தார்.

லென்சுக்கு ஃப்ரெனெல் பெயர் நிலைத்தது. நிழல் நடுவே தெரியும் புள்ளியைச் சில புத்தகங்கள் அராகோ புள்ளி என்கின்றன. பெரும்பாலானவற்றில் அது இன்றும் புவாசோன் புள்ளிதான்.