ஒரே பேன், இரண்டு இலைகள்

ஒரு தாய்ப்பேனின் மகள்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைப் பீன்ஸ் இலையிலும் மறு பங்கைத் தக்காளி இலையிலும் விட்டுப் பாருங்கள். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும். பீன்ஸ் இலையின் அடிப்பக்கம் விரைவிலேயே முட்டையும் குஞ்சுமாக நிறைந்துவிடும். தக்காளிப் பக்கம் பல பேன்கள் செத்துக் கிடக்கும், சில இலையை விட்டு ஓட வழி தேடும். வேளாண் கையேடுகளோ, முட்டையிலிருந்து தாய்ப்பருவம் வரை இத்தனை நாள், தாய்க்கு இத்தனை முட்டை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. அந்த எண்ணில் பாதி செடிக்குச் சொந்தம்.

இங்கே நான் பேசுவது இருபுள்ளிச் சிலந்திப்பேனைப் பற்றி. 1836இல் கோக் என்ற ஆய்வாளர் இதற்கு டெட்ரானிக்கஸ் உர்ட்டிக்கே என்று பெயரிட்டார். பெயரின் பின்பாதி, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியைக் குறிக்கும். பெயரில் இருப்பது ஒரு செடிதான், ஆனால் இது வாய் வைக்கும் செடிகள் 1,100 வகைக்கும் மேல். எட்டுக்கால் உயிரான இது சிலந்திக்கு உறவு. தாய்ப்பேன் அரை மில்லிமீட்டர் இருக்கும். ஊசி போன்ற வாயால் இலையின் செல்களைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும். முதுகில் தெரியும் இரண்டு கரும்புள்ளிகள் தோலின் நிறமல்ல. தின்ற இலைதான் குடலில் தேங்கி, உடல் வழியே வெளியே தெரிகிறது.

முதலில் பீன்ஸ். ஆய்வுக்கூடங்களில் இந்தப் பேனைப் பெருக்க வேண்டுமென்றால் பீன்ஸ் செடியைத்தான் நடுவார்கள். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை, ஆறுகால் இளம்பேன், எட்டுக்கால் இளம்பருவங்கள் இரண்டு, அவற்றுக்கிடையே அசையாமல் கிடந்து தோலுரிக்கும் இடைவேளைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 நாளில் முடிந்துவிடும். பிறகு ஒரு தாய் நூறு முட்டை அளவுக்கு இடும். இணை சேராத தாயும் முட்டையிடும், ஆனால் அவை எல்லாம் ஆணாகவே பொரிக்கும். அந்த மகனோடே பின்னர் அவள் இணை சேர முடியும். காற்றில் வந்து விழுந்த ஒற்றைப் பெண்பேன் ஒரு தோட்டத்தையே பிடிப்பது இப்படித்தான்.

பீன்ஸ் குடும்பம் முழுக்கச் சாது என்றும் எண்ணிவிடக் கூடாது. நம் கடைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்கும் லைமா பீன்ஸின் இலை காயப்பட்டால் சயனைடை வெளிவிடும். அந்த நஞ்சை முறிக்கும் நொதிக்கான மரபணு இந்தப் பேனிடம் உண்டு. அது முன்னோரிடமிருந்து வந்த சொத்தல்ல, ஏதோ ஒரு காலத்தில் பாக்டீரியாவிடமிருந்து பெற்றது என்று ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். இந்தச் சிற்றுயிரின் வரலாற்றில் என்னை மிகவும் அசத்திய செய்தி இதுதான்.

தக்காளியில் சண்டை வேறு விதம். தண்டிலும் இலையிலும் இருக்கும் சுரப்பி மயிர்கள் தொட்டதும் உடைந்து பிசுபிசுப்பைக் கக்கும். பேனின் கால்கள் அதில் சிக்கும். அதைத் தாண்டி வாயைக் குத்தினால், இலைக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் அபாய மணி அடிக்கும். உடனே செடி, புரதம் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள்களைத் திரட்டுகிறது. வயிறு நிறைந்தும் உடலில் ஒட்டாத உணவு அது. இந்த அபாய மணி பழுதான தக்காளிச் செடிகளில் பேன்கள் கூடுதலாக முட்டையிட்டதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. தக்காளி என்ற பெயரோ அதன் மணமோ பேனை ஒடுக்கவில்லை, செடி எழுப்பும் தற்காப்பே ஒடுக்குகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

வளர்ச்சி சில நாள் இழுபட்டால் என்ன என்று தோன்றலாம். கணக்குக்காக, 10 நாள் தலைமுறை 14 நாளாகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 நாளில் ஏழு தலைமுறை வர வேண்டிய இடத்தில் ஐந்துதான் வரும். தலைமுறைக்குப் பத்து மடங்கு பெருக்கம் என்றால் முடிவில் நூறு மடங்கு வேறுபாடு. முட்டைக் குறைவையும் இளம்பேன் சாவையும் இதில் இன்னும் சேர்க்கவில்லை.

ஆனால் தக்காளியின் அதே பிசுபிசுப்பு நமக்கும் எதிராகத் திரும்புகிறது. சிலந்திப்பேனைத் தின்னும் பைட்டோசியுலஸ் என்ற வேட்டைப்பேன் பீன்ஸில் திறமையாக வேலை செய்யும், தக்காளியிலோ அதன் காலும் ஒட்டிக்கொள்ளும். லைமா பீன்ஸ் இன்னும் ஒரு படி மேல். பேன் கடித்த செடி விடும் மணமே வேட்டைப்பேனை வரவழைக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1980களில் இதை நிறுவினார்கள்.

தக்காளி வென்றுவிட்டது என்று இதற்குள் முடிவு கட்டக் கூடாது. ஆண்பேனுக்கு மரபணுத் தொகுதி ஒன்றே ஒன்று. பயனுள்ள மாற்றம் ஒன்று தோன்றினால் அது மறைந்து கிடக்க வழியில்லை, அடுத்தடுத்த தலைமுறைகளில் வேகமாகப் பரவும். தனக்கு ஒவ்வாத வெள்ளரியில் வளர்க்கப்பட்ட பேன்கள் அதற்குப் பழகிக்கொண்டதை ஆய்வாளர் ஃப்ரெட் கூல்ட் 1979இலேயே பதிவு செய்தார். தக்காளியிலும் அப்படியே: முதலில் செத்து விழுந்த கூட்டத்தின் வாரிசுகள் சில தலைமுறைகளில் அதில் தழைக்கத் தொடங்கின. கத்தரிக் குடும்பத்தையே நம்பி வாழும் உறவுப்பேனான டெட்ரானிக்கஸ் எவான்சியோ, தக்காளியின் தற்காப்பையே அடக்கிவிட்டு முட்டையிடுகிறது.

உழவருக்கு மிக முக்கியமான செய்தி 2013இல் வந்தது. தக்காளிக்குப் பழகிய பேன்களிடம் பேன்கொல்லி மருந்துகளின் வீரியமும் குறைந்திருந்தது. செடியின் நஞ்சை முறிக்கக் கற்ற உடல், மருந்தின் நஞ்சையும் முறிக்கிறது.

ஆகவே, பேன் எதிர்ப்பு உள்ளதென்று ஒரு தக்காளி இரகத்தைப் பரிந்துரைப்போரும், ஒரு மருந்தைச் சோதிப்போரும், பீன்ஸில் வளர்ந்த பேன்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம். சோதித்த பேன் எந்தச் செடியில், எத்தனை தலைமுறை வளர்ந்தது என்பதையும் முடிவோடு சேர்த்து அச்சிடுங்கள்.