ஒலிக்கூறு வழிப் பேச்சொலியறிதல்

பேச்சொலியைப் பிரிக்க முடியாத ஒற்றை அலகாகக் கொள்ளாமல், அதைப் பிறப்பிக்கும் உறுப்புகளின் செயல்களாகப் பகுத்துக் கணினியால் அடையாளம் காணும் முறை. ப், ம் இரண்டுக்கும் உதடுகள் மூடுகின்றன. ம் ஒலிக்கும்போது மட்டும் மூக்குவழி திறந்திருக்கும், குரல்மடல்களும் அதிரும். இதழ் மூடல், மூக்கொலிமை, அதிர்வு போன்றவையே ஒலிக்கூறுகள்.

எழுத்துகளைப் பிறப்பிடம் கொண்டு வகுக்கும் வழக்கம் தொல்காப்பியப் பிறப்பியலிலேயே உண்டு. பொறியாளர்களுக்குப் பயன்பட்ட வடிவம் 1952இல் வந்தது. ரோமன் யாக்கோப்சன், குன்னார் ஃபான்ட், மோரிஸ் ஹாலி மூவரும் எம்.ஐ.டி. அறிக்கையொன்றில் ஒலிகளை 12 இருமை எதிர்வுகளுக்குள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒலியலையில் உள்ள தடயத்தையும் விளக்கினர். 1955இல் ஜார்ஜ் மில்லரும் பாட்ரீசியா நைஸ்லியும் 16 ஆங்கில மெய்களை இரைச்சலோடு கலந்து ஒலிக்கச் செய்தனர். கேட்டவர்கள் கண்டபடி குழம்பவில்லை. அதிர்வும் மூக்கொலிமையும் கடும் இரைச்சலிலும் தப்பின. பிறப்பிடம்தான் எளிதில் தொலைந்தது. ஒரு கூறு சிதைந்தாலும் மற்றவை மிஞ்சும் என்ற இம்முறையின் அடிப்படைக்கு இந்த ஆய்வே மிகத் தெளிவான சான்று.

ஆனாலும் 1980களில் பேச்சொலியறிதலில் கோலோச்சியவை மறைநிலை மார்க்கோவ் மாதிரிகள் என்னும் நிகழ்தகவு மாதிரிகள். அவை பேச்சை மணிகள் கோத்த சரடுபோல ஒலியன்களின் வரிசையாகக் கண்டன. வாய் அப்படி இயங்குவதில்லை. ஆங்கிலத்தில் ‘கேன்’ என்னும்போது நாக்கு மேலே தொடுமுன்பே மெல்லண்ணம் இறங்கி மூக்குவழி திறந்துவிடும். முந்தைய உயிரும் மூக்கொலி ஏறியே வரும். எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வி கூறுகளைத் தனித்தனியே தொடர்ந்தால் எழுவதில்லை.

ஜெர்மனியின் பீலஃபெல்டில் கத்ரின் கிர்ச்ஹோஃப் 1999இல் முடித்த ஆய்வேடு, உறுப்பியக்கத் தகவலை வழக்கமான ஒலித்தகவலோடு சேர்த்தால் இரைச்சலில் பிழை குறையும் என்று நிறுவியது. அடுத்த ஆண்டே சைமன் கிங்கும் பால் டெய்லரும் 630 பேரின் குரல்கள் கொண்ட டிமிட் தொகுப்பில் நரம்பு வலைகளால் கூறுகளைக் கண்டறிந்தனர். ஒரு குறை மட்டும் நீங்கவில்லை: பயிற்சிக்கான கூறுகள் பெரும்பாலும் வாயை அளந்து பெறப்படுபவையல்ல, ஒலியன் குறிப்புகளிலிருந்து அட்டவணை வழியே எடுக்கப்படுபவை. உண்மையான நாவசைவை அவை முழுமையாகக் காட்டுவதில்லை.

ஆழ்கற்றல் வந்தபின், ஏராளமான பதிவுகள் உள்ள மொழிகளில் இம்முறையின் தேவை குறைந்தது. பதிவு அரிதான மொழிகளிலோ நிலைமை வேறு. 2016இல் வெளியான பான்ஃபான் என்னும் ஒலிக்கூறுத் தரவுத்தளம் 5,000க்கும் மேற்பட்ட ஒலிகளை 21 கூறுகளால் விவரிக்கிறது. ழகரத்தையே கேட்டறியாத கருவிகூட நாவளைவு, உரசலின்மை ஆகிய கூறுகளைப் பிற மொழிகளில் கற்றிருந்தால் அதை ஊகிக்க வழியுண்டு. இன்று இம்முறைக்கு உண்மையான வேலை இருப்பது அங்கேதான்.