பொதுவில் வைத்த மெட்டுகள்

பேசுவோர் இருவர்க்கும் சொற்கள் பொதுவாக இருந்தாலன்றி உரையாடல் நிகழாது. அதுபோலவே, முன்பின் அறியாதார் பலர் கூடி இசைப்பதற்கும் மெட்டுகள் பொதுவாக இருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் நீண்டு கிடக்கும் அப்பலேச்சிய மலைத்தொடரின் மக்கள் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்கள். மேடையும் நுழைவுச் சீட்டும் இன்றி, வந்தவர் எல்லாரும் கூடி இசைக்கும் வழக்கத்தை அவர்கள் ‘ஜாம்’ என அழைப்பர். அங்கே வழங்கும் பொது மெட்டுகள் எங்கிருந்து வந்தன, யாரால் வந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சியில் இசையின் வரலாற்றோடு நன்றியின் வரலாற்றையும் நாம் காண்போம்.

முதற்கண், கூடியிசைக்கும் முறையினை அறிதல் நலம். பிடில், பாஞ்சோ, கிட்டார், மாண்டலின் ஆகிய கருவிகளுடன் அனைவரும் வட்டமாக அமர்வர். எவர் முன்னும் இசை ஏடு இராது. ஒருவர் மெட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லித் தொடங்குவார், ஏனையோர் தொடர்வர். ஆடலுக்குரிய மெட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு பகுதிகளே உடையவை. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். பிடிலின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ எனக் கூட்டப்படுவதால், அதற்கு எளிதான ஜி, டி, ஏ ஆகிய சுருதிகளே மிகுதியாக வழங்குகின்றன. பழைய முறையில் அனைவரும் ஒருசேர மெட்டை வாசிப்பர். பின்னர்த் தோன்றிய புளூகிராஸ் முறையிலோ ஒவ்வொருவரும் முறைவைத்துத் தனித்து வாசிக்க, மற்றையோர் தாளமும் துணையொலியும் தருவர். நிறுத்த வேண்டிய வேளையில், தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். இத்துணை எளிய அமைப்பே புதியவரையும் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது. நம் அரிகாம்போதியின் சுரங்களை ஒத்த ‘ஓல்டு ஜோ கிளார்க்’ போன்ற மெட்டைச் சில சுற்றுகள் கேட்டாலே, பழகிய கைகள் பற்றிக்கொள்ளும்.

இம்மெட்டுகளுள் சில கடல் கடந்து வந்தவை. போர்வீரனின் மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்தில் வழங்கியது. ‘பார்பரா ஆலன்’ என்னும் கதைப்பாடலை 1666ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டனில் கேட்டு மகிழ்ந்ததாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இத்தகைய பாடல்களைத் தேடி ஆங்கிலேயரான செசில் ஷார்ப், தம் உதவியாளர் மாட் கார்ப்பெலிஸுடன் 1916 முதல் 1918 வரை மலைச் சிற்றூர்களுக்குப் பயணம் செய்து, 1,600க்கும் மேற்பட்ட மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். அவருடைய உழைப்பு போற்றற்குரியது. எனினும், இங்கிலாந்திலிருந்து வந்த பாடல்களையே அவர் பெரிதும் நாடினார். அதே மலைகளில் ஒலித்த கறுப்பின மக்களின் இசைக்கு அவர் செவி போதிய அளவு திறக்கவில்லை.

இக்குறை சிறிதன்று. ஏனெனில், இவ்விசையின் உயிர்நாடியான பாஞ்சோவே ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட கருவி. அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தித் தந்தி கட்டி அதனை உருவாக்கினர். ஐரோப்பியரின் பிடிலும் ஆப்பிரிக்கரின் பாஞ்சோவும் சேர்ந்தமையாலேயே இவ்விசை பிறந்தது. வாழ்வில் பிரித்து வைக்கப்பட்டோர் இசையில் ஒன்றாயினர் எனலாம்.

ஆனால், பெயர்ப் பட்டியலில் அவர்கள் ஒன்றாயினரா? கார்ட்டர் குடும்பத்தின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது. ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவினரான மேபெல் ஆகிய மூவரும் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில், ரால்ஃப் பியர் என்பவர் நடத்திய ஒலிப்பதிவில் முதன்முதலாகப் பாடினர். அடுத்த ஆண்டில் அவர்கள் பதிவுசெய்த ‘வைல்ட்வுட் ஃபிளவர்’, கிட்டார் பயில்வோர் பலர் இன்றும் கற்கும் மெட்டு. அஃது உண்மையில் 1860இல் வெளிவந்த ஒரு பாடல். வாய்வழியே பயணம் செய்தமையால் சொற்கள் திரிந்து, ஊர்ப்பாடலாகவே மாறிவிட்டது.

புதிய பாடல்களைத் தேடி ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்றபோது, லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின இளைஞர் உடன் சென்றார். விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். கிட்டார் வாசிப்பதில் வல்லவர். பாடுவோர் பாட, சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் நெஞ்சில் எழுதிக்கொள்வார். வீடு திரும்பியபின் அவரே அதனை வாசித்துக் காட்டுவார். இவ்வாறு திரட்டிய பாடல்கள் பலவும் ஏ. பி. கார்ட்டர் பெயரிலேயே பதிவாயின. சுமந்து வந்தவர் பெயரோ நெடுங்காலம் எவர்க்கும் தெரியவில்லை. 1960களில் மைக் சீகர் என்னும் இசைவாணர் அவரைத் தேடிக் கண்ட பின்னரே உலகம் அவரை அறிந்தது.

எலிசபெத் காட்டனின் கதை இன்னும் உருக்கமானது. வட கரோலினாவில் பிறந்த இவ்வம்மையார் இடக்கைப் பழக்கமுடையவர்; கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கத் தாமே கற்றார். சிறுமியாக இருந்தபோதே ‘ஃபிரெய்ட் டிரெயின்’ என்னும் பாடலை இயற்றினார். பின்னர் இசையைக் கைவிட்டு வீட்டு வேலை செய்து பிழைத்தார். ஒரு பெரிய கடையில் வழிதவறிய சிறுமியைத் தாயிடம் சேர்ப்பித்ததால், அச்சீகர் குடும்பத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. அவ்வீட்டில் தொங்கிய கிட்டாரை எடுத்து அவர் வாசித்த நாளில்தான் அவர் யார் என்பது வெளிப்பட்டது. எனினும், அவர் பாடல் 1950களில் இங்கிலாந்தை அடைந்தபோது பிறர் இருவர் அதனைத் தமதென்று உரிமை கொண்டாடினர். அவருடைய உரிமை பின்னரே ஏற்கப்பட்டது. 1985இல் அவருக்குக் கிராமி விருது கிடைத்தபோது அவர் தொண்ணூறு வயதை எட்டியிருந்தார்.

நன்றி மறவாமைக்கும் இவ்வரலாற்றில் சான்று உண்டு. புளூகிராஸ் இசையின் தந்தை எனப் போற்றப்படும் பில் மன்ரோ 1911இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். 1945ஆம் ஆண்டின் இறுதியில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் மூன்று விரல்களால் பாஞ்சோ மீட்டும் தம் முறையோடு அவர் குழுவில் சேர்ந்த பின்னரே இவ்விசை முழு வடிவம் பெற்றது. இளமையில் பெற்றோரை இழந்த மன்ரோவைத் தம்முடன் வைத்துக்கொண்டவர் தாய்மாமன் பென் வாண்டிவர். பிடில் வாசிக்கும் மாமனோடு ஆடல் நிகழ்ச்சிகளுக்குச் சென்றே மன்ரோ இசை பயின்றார். 1950இல் அவர் பதிவுசெய்த ‘அங்கிள் பென்’ அம்மாமனைப் பற்றியதே. மாமன் வாசித்த மெட்டுகளின் பெயர்களும் அதில் வருகின்றன. ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ அவற்றுள் ஒன்று. அர்னால்ட் ஷல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரிடம் தாம் பெற்றதையும் மன்ரோ மறைத்தாரல்லர்.

1965இல் வர்ஜீனியாவின் ஃபின்காசில் என்னும் ஊரில், பல நாள் நீடிக்கும் முதல் புளூகிராஸ் விழா நடைபெற்றது. அதன்பின் இத்தகைய விழாக்கள் பெருகின. மேடையில் புகழ்பெற்றோர் பாட, வண்டிகள் நிற்கும் திடலிலே பார்க்க வந்தோர் வட்டமிட்டு இசைப்பது விழாக்களின் மரபாயிற்று. அவ்வட்டங்களில் ‘அங்கிள் பென்’ ஒலிக்குந்தோறும் ஒரு சிற்றூர்ப் பிடில்காரரின் பெயரும் ஒலிக்கிறது. ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ வாசிக்கும் விரல்களுள் எத்தனை ரிடிலை அறியும்?

மெட்டைப் பொதுவில் வைத்தல் பெருங்கொடை. பொதுவில் வைத்ததனாலேயே அது வாழ்கிறது. ஆனால், பொதுவுடைமை என்பது கொடுத்தவரை மறப்பதற்கான உரிமையன்று. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுப்போரும் வகுப்பறையில் கற்பிப்போரும், பாட்டை எழுதிக்கொள்ளும் ஏட்டின் ஓரத்தில், அதனைப் பாடிக் காட்டியவரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். அந்த ஒரு வரியை எழுத ஒரு நொடி போதும். எழுதாது விட்டால், அதனைத் தேடி மீட்க ஒரு தலைமுறையும் போதாது.